ஏலத்தில் ஒரு வெறும் டம்ளர்

"உன்னாண்ட ஊசி போட்டுக்க உங்கப்பனே கைய நீட்ட மாட்டான். ஊரு எப்டி நீட்டும்?"

அத்தை இதைச் சொன்னபோது ஒரு வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. திருவொற்றியூர் மார்க்கெட்டில் அவளுடைய மீன்கடைக்கு முன்னால் நான் வேலை முடிந்து, சீருடையோடு, கையில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அத்தை அப்பாவுக்கு அக்கா. அப்பாவை அவன் இவன் என்று பேச அவளுக்கு உரிமை உண்டு. என்னைச் சந்தேகப்படுவதற்கும் உரிமை உண்டு என்று அவளே எடுத்துக்கொண்டிருந்தாள்.

பட்டியல் இதுதான். நான் நர்ஸாக இருக்கும் மருத்துவமனையின் நெஞ்சுநோய்ப் பிரிவுக்கு அந்த வருடம் ஃப்ளூ தடுப்பூசி நன்கொடையாக வந்திருந்தது. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு அதை மழைக்காலம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். நல்ல நுரையீரல் உள்ளவனுக்கு ஃப்ளூ வந்தால் நான்கு நாள் போர்த்திப் படுத்து எழுந்துவிடுவான். ஏற்கெனவே மூச்சு குறைந்தவனுக்கு வந்தால் அது மிச்சமிருக்கும் மூச்சிலும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகும், திருப்பித் தராது. எங்கள் வார்டில் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். அதனால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை எங்களிடம் வந்துபோகும் நோயாளிகளின் பட்டியலைத் தயாரித்தேன். அதில் முதலில் எழுதியது அப்பாவின் பெயரைத்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அதுவும் நான் ஆறாவது படிக்கும்போது சொல்லிக்கொடுத்தது. அம்மாவுக்கு இன்றைக்கும் கைரேகைதான். நான் நர்சிங் முடித்து வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மா என் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தண்ணீர் பிடிக்கப் போவதாகச் சொல்லித் தெருவையே ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தாள். குடம் காலியாகத்தான் இருந்தது.

அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடுபவர். இளவயதில் விசைப்படகில் இன்ஜின் பக்கம் வேலை செய்தார். டீசல் புகை போதாதென்று பீடியும் சேர்த்துப் பிடித்தார். பிறகு அவருடைய குரலைக் கேட்டு ஒரு படகு ஓனர் அவரைக் கரையில் நிறுத்தி ஏலம் விடச் சொன்னார். ஓனரின் மூன்று படகுகள் கொண்டுவரும் மீனுக்கும் அப்பாதான் குரல். ஒரு கூடை சங்கரா மீனை ஆரம்ப விலையிலிருந்து ஏற்றிக்கொண்டே போய் "மூணு தரம்" என்று முடிக்கும்வரை ஒரே மூச்சில் கூவுவார். நடுவில் மூச்சு விட்டால் கேட்பவர்கள் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள், யோசித்தால் விலை ஏறாது. அதுதான் அந்தத் தொழிலின் சூட்சுமம்.

பிறகு அவருக்கு வீசிங் வந்தது. ஊதிப் பார்க்கச் சொல்லி, படம் எடுத்து, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று எங்கள் டாக்டர் சொன்னார். பீடியை விட்டார். பம்பு கொடுத்தோம். வாயில் வைத்து அழுத்தி உறிஞ்சும் அந்த மருந்துக் குப்பிக்கு எங்கள் பக்கத்தில் பம்பு என்றுதான் பெயர். ஓரளவு சமாளித்துக்கொண்டிருந்தார். போன மழைக்கு ஃப்ளூ வந்தது. ஒன்பது நாள் ஆக்சிஜனோடு என் வார்டிலேயே படுத்திருந்தார். திரும்பி ஏலத்துக்குப் போனபோது ஒரே மூச்சில் கூவ முடியவில்லை.

அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். இடது கையில் எப்போதும் ஒரு டீ டம்ளர். மூச்சு முட்டும் இடத்தில் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோய் ஒரு மிடறு உறிஞ்சுவதுபோல நிறுத்துவார். ஏலக்காரர் டீ குடிக்கிறார் என்று கூட்டம் காத்திருக்கும். அதற்குள் மூச்சைப் பிடித்துக்கொள்வார். பாதி நேரம் டம்ளரில் டீயே இருக்காது. இது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் என்னிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இன்னொரு முறை அப்படி ஒரு காய்ச்சல் வந்தால் உங்கப்பா ஏலத்தை மறந்துவிட வேண்டியதுதான், வீட்டுக்குள் நடந்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிடுவார் என்று. அப்பா வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பதை என்னால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை. ஏலம் இல்லாத நாட்களில் அம்மா வாங்கும் கீரைக்கே அவர் மூன்று தரம் சொல்பவர்.

ஊசி போட்டுக்கொள்ள வரச் சொன்னேன். வராத காய்ச்சலுக்கு எவனாவது ஊசி போட்டுக்கொள்வானா என்று கேட்டார். விளக்கினேன். தலையாட்டினார். மருத்துவமனைக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அந்த வாரம்தான் அத்தை கடையில் அந்த வார்த்தை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர்கள் வராவிட்டால் நாம் போவோம் என்று டாக்டரிடம் பேசி, துறைமுகத்து ஏலக்கூடத்திலேயே ஒரு காலை முகாம் போட அனுமதி வாங்கினேன். பட்டியலில் இருந்தவர்களில் பாதிப்பேர் அங்கே புழங்குகிறவர்கள். மீனை வலையிலிருந்து உதறுகிறவர், ஐஸ் உடைக்கிறவர், வண்டி தள்ளுகிறவர் என்று எல்லோரும் அந்த நேரத்தில் அங்கேதான் இருப்பார்கள். மருந்து இருக்கிறது, ஆள் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? ஒரு பேனர் எழுதினேன். "நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கும் மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கும் இலவச ஃப்ளூ தடுப்பூசி முகாம்." ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதியதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். ஏலம் நடக்கும் இடத்துக்கு நேர் எதிரே, இரண்டு தூணுக்கு நடுவில் உயரமாகக் கட்டினேன்.

பொழுது விடிந்து வெளிச்சம் வந்தபோது மேசை, நாற்காலி, மருந்துப் பெட்டியோடு டாக்டரும் நானும் தயாராக இருந்தோம். ஒருவரும் வரவில்லை.

வரவில்லை என்றால் சும்மா வரவில்லை என்பதில்லை. எங்கள் மேசையைக் கண்டதும் கூடை தூக்கியவர்கள் அடுத்த வரிசைக்குள் புகுந்து சுற்றிக்கொண்டு போனார்கள். எழுத்துத் தெரிந்த ஒருவன் பேனரைப் படித்துச் சொல்ல, கேட்டவர்கள் இன்னும் ஒரு அடி தள்ளிப் போனார்கள். மாதாமாதம் என்னிடம் பம்பு வாங்கிப் போகும் ஒருவர் என்னை இதுவரை பார்த்ததே இல்லை என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்களிடம் வந்த ஒரே ஆள் அப்பாவின் தோஸ்து. ஐஸ் உடைத்துப் பெட்டிகளில் நிரப்புபவர். மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்து, உள்ளே இத்தனூண்டு ஐஸ்தான் இருக்கிறது, கெட்டுப்போய்விடும் என்று இரக்கப்பட்டு ஒரு மண்வெட்டி நிறைய ஐஸ் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். நான் பெட்டியின் மேல் கையை விரித்துத் தடுத்தேன்.

"இது உறைஞ்சாதான் கெட்டுப்போவும் மாமா."

"ஐஸ்ல வெச்சி கெட்டுப்போற பொருள இப்பத்தான் பாக்குறேன்," என்றார் அவர். "ஒங்க மருந்து நம்ம மீன விட மோசமா கீதே."

டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கடைக்கு மீன் எடுக்க வந்த அத்தை வேறு, ஏலக்கூட்டத்தில் நின்றபடி எங்கள் காலி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஏலத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது மீன்கடையில் சொன்னதைவிட மோசம்.

இரண்டு ஏலத்துக்கு நடுவில் அப்பா என்னைக் கை காட்டி ஒரு தூணுக்குப் பின்னால் கூப்பிட்டார். கோபமாக இருந்தார். ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"இன்னா எழுதிக்கிற அதுல?"

படித்துக் காட்டினேன்.

"ஏலம் வுடறவனுக்கு மூச்சுதான் மொதலு. அது இல்லன்னு ஓனருக்கு எதுத்தாப்புல போர்டு மாட்டி, அதுக்குக் கீழ வந்து குந்துன்றியே. குந்துனா நாளிக்கி எவன் என்ன கூப்புடுவான்? வல இய்க்கறவன் மட்டும் வருவானா? அவன போட்டுல ஏத்துவாங்களா?"

கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? மூச்சு வாங்குகிறவனைக் கடலுக்குக் கூட்டிப்போக மாட்டார்கள் என்பது எங்கள் குப்பத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அப்பா ஏன் மருத்துவமனைக்கு வரவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. நெஞ்சுநோய்ப் பிரிவு வாசலில் நிற்கும் வரிசை பஸ் நிறுத்தத்திலிருந்து நன்றாகத் தெரியும். துறைமுகத்துக்காரர்கள் பாதிப்பேர் அந்த பஸ்ஸில்தான் போவார்கள். நோயாளிகளைப் பற்றி நான்கு வருடம் படித்த நான், எங்கள் ஆட்களைப் பற்றிப் பிறந்ததிலிருந்து தெரிந்ததைப் பேனர் எழுதும்போது மறந்திருந்தேன்.

போய்ப் பேனரை அவிழ்த்தேன். அதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அப்பா கடைசி ஏலத்தைத் தொடங்கியிருந்தார்.

நல்ல சங்கரா. அத்தைக்கும் அது வேண்டும், எண்ணூரிலிருந்து வந்திருந்த ஒரு வியாபாரிக்கும் வேண்டும். இருவரும் மாற்றி மாற்றி ஏற்றினார்கள். அப்பாவும் விடாமல் கூவினார். ஓனர் பக்கத்தில் நின்று வேட்டி நுனியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். விலை ஏற ஏற அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. "ஒரு தரம்." தோள் ஏறி இறங்கியது. "ரெண்டு தரம்." அங்கே நின்றுபோனது. டம்ளர் வாய்க்குப் போனது.

வழக்கமாக ஒரு மிடறு. அன்றைக்கு இரண்டு, மூன்று. டம்ளர் கீழே இறங்கவே இல்லை. அந்த வியாபாரி யோசிக்க ஆரம்பித்துவிட்டது அவர் முகத்திலேயே தெரிந்தது. அத்தைக்குப் பொறுமை போய்விட்டது.

"டேய், டம்ளர்ல டீயே இல்லியே. அரை அவரா இன்னாத்தடா குடிக்கிற?"

கூட்டம் சிரிக்கப் போய், நின்றுவிட்டது. அப்பா டம்ளரை இறக்கி அதன் அடியைப் பார்த்தார், அதில் டீ இல்லை என்பது அவருக்கே புதுச் செய்தி என்பதுபோல. இந்த இடத்தை இழந்தால் அவருக்கு வேறு இடம் கிடையாது.

பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. டம்ளரை ஐஸ் பெட்டி மேல் கவிழ்த்து வைத்தார். மடியில் கைவிட்டுப் பம்பை எடுத்தார். ஓனர், வியாபாரி, அத்தை எல்லோரும் பார்க்கப் பார்க்க, நான் சொல்லிக்கொடுத்தபடியே மூச்சை முழுதாக வெளியே விட்டு, ஒரு அழுத்து, உறிஞ்சு, பத்து எண்ணும்வரை பிடித்தார். திரும்ப ஒன்று. ஏலக்கூடம் முழுக்க அந்தப் பத்து எண்ணிக்கைக்குக் காத்திருந்தது.

"மூணு தரம்," என்றார். சங்கரா அத்தைக்கு.

அப்புறம் ஓனர் பக்கம் திரும்பினார். "வீசிங் மொதலாளி. ரெண்டு வருசமா கீது. சொல்லாம டபாய்ச்சிகினு கீறேன். வேற ஆள் வெச்சிக்கிறதுன்னா வெச்சிக்கோ."

ஓனர் பிடித்திருந்த வேட்டி நுனியை விட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார், பிரித்தார். அதற்குள் ஒரு பம்பு. அப்பாவுடையது நீலம். அவருடையது ஆரஞ்சு.

"நான் கார்ல போயி கண்ணாடிய ஏத்திகினு அடிப்பேன்யா," என்றார்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். ஒருவர் லுங்கி மடிப்பிலிருந்து எடுத்தார். இன்னொருவர் சாப்பாட்டுத் தூக்கின் அடித்தட்டிலிருந்து. முகத்தைத் திருப்பிக்கொண்டவர் தலைப்பாகையிலிருந்தே எடுத்தார். ஒருவருடையதை வாங்கிக் குலுக்கிப் பார்த்தேன். மருந்து தீர்ந்து பல மாதம் ஆகியிருக்கும். கூடவே இருந்தால் ஒரு தைரியம் என்று வைத்திருந்தாராம். ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைத்து, ஒரே கூரைக்குக் கீழே இத்தனை பேர்.

அப்பா மேசைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"போணி பண்ணு," என்றார்.

எங்கள் ஜனத்துக்கு இது விளக்கம் தேவையில்லாத சொல். மீன்கடையில் முதல் வியாபாரம் நல்ல கையால் நடந்துவிட்டால் மீதியைப் பற்றிக் கவலையில்லை. அதுவரை எவ்வளவு நல்ல மீன் இருந்தாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது நம்பிக்கை. டாக்டர் அப்பாவுக்குக் காய்ச்சல் இருக்கிறதா, முன்பு எந்த ஊசியாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று கேட்டு முடித்ததும், மேல் கையைத் துடைத்து நான் போட்டேன். எத்தனையோ பேருக்குப் போட்ட கைதான். இருந்தாலும் ஊசியை எடுத்த பிறகு பஞ்சைக் கொஞ்சம் அதிக நேரம் அழுத்திப் பிடித்திருந்தேன்.

"போட்டுட்டியா?" என்று கேட்டார். போட்டாயிற்று என்றேன். "எறும்பு கடிச்சா கூட தெரியும், இது தெரில," என்று பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார். ஏலக்காரர் குரல். பின்னால் வரிசை நின்றது. இரண்டாவது ஆள் ஓனர். ஐஸ் மாமா அன்று வரிசையில் நிற்கவில்லை. தனக்கு வீசிங் எல்லாம் கிடையாது, ஐஸ் குளிருக்கு லேசாக இழுக்கும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். மருந்துப் பெட்டி காலியானபோது வெயில் ஏறியிருந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் ரொம்பவே அலட்டிக்கொண்டிருப்பேன். மூன்றாம் நாள் காலையில் அப்பா படியேறும்போது இழுக்கும் சத்தம் கேட்டது. பம்பு எங்கே என்றேன்.

"ஐஸ்காரனுக்குக் குடுத்துட்டேன். பாவம், அவனுக்கும் இஸ்த்துகினு கீது. எனுக்குத்தான் ஊசி போட்டாச்சே."

தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மருத்துவ வார்த்தை எதுவும் உதவவில்லை. கடைசியில் படகை வைத்துச் சொல்லிப் பார்த்தேன். துறைமுகத்தில் நிற்கும் படகுக்குப் பக்கவாட்டில் பழைய டயர் கட்டித் தொங்கவிடுகிறார்களே, எதற்கு? அலை தூக்கிப் பக்கத்துப் படகில் மோதினால் பலகை உடையாமல் இருக்க. அந்த ஊசி டயர். டயர் கட்டிவிட்டோம் என்று, உள்ளே ஊறும் தண்ணீரை இறைக்காமல் விடுவார்களா? பம்பு அந்த வேலைக்கு. டயரும் வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

அப்பா யோசித்தார். "இத மொதல்லயே இப்டி சொல்லிருந்தா நான் ஏன் அவனாண்ட குடுக்கப்போறேன்?" என்றார். தப்பு என் மேல் வந்து முடிந்தது. அன்றே ஐஸ் மாமாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ஊதிப் பார்க்கவைத்து, அவருக்கென்று ஒரு பம்பும் ஒரு ஊசியும் வாங்கிக் கொடுத்தேன். அவரும் எங்கள் பட்டியலில் சேர்ந்தார்.

மழை வந்தது. தெருவில் வீட்டுக்கு இரண்டு பேர் காய்ச்சலில் படுத்தார்கள். எங்கள் பட்டியலில் ஒருவரை வார்டில் சேர்க்க வேண்டி வந்தது. ஊசி இரும்புக் கதவு இல்லை, நானும் அப்படிச் சொன்னதில்லை. அவர் நான்கு நாளில் நடந்து வீட்டுக்குப் போனார். அப்பாவுக்கு மூன்று நாள் சளி, இருமல். ஒவ்வொரு இருமலுக்கும் நான் கணக்கு வைத்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் எழுந்து ஏலத்துக்குப் போய்விட்டார். ஒரே மூச்சில் கூவுவது திரும்பவில்லை. திரும்பாது. ஆனால் இப்போது மூச்சு முட்டினால் கையைத் தூக்கி, "இரு, காத்து புட்ச்சிக்கிறேன்," என்கிறார். கூட்டம் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் யோசிக்கிறவர்கள் சில சமயம் விலையை ஏற்றியும் கேட்கிறார்கள் என்று ஓனர் சொல்கிறார். அவரே இப்போது பம்பைச் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் குத்திக்கொண்டு திரிகிறார்.

அத்தை தன் வார்த்தையைத் திரும்பப் பெறவில்லை. அவள் கேட்ட கேள்வியால்தான் எல்லாம் நடந்தது, அதனால் முகாமை நடத்தியதே தான்தான் என்று மார்க்கெட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லட்டும். ஆனால் போன மாதம் பஸ்ஸிலிருந்து இறங்கி அவளுக்குப் பின்னாலேயே நடந்தபோது ஒன்றைக் கவனித்தேன். நிறுத்தத்திலிருந்து கடைக்கு வருவதற்குள் கூடையை மூன்று முறை இறக்கி வைத்தாள். ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட்டு நலம் விசாரித்தாள். மூன்றாவது முறை கூப்பிட ஆளே இல்லை. ஒரு நாயிடம் பேசினாள்.

வெறும் டம்ளரைக் கண்டுபிடித்தவளுக்குத் தன் கையில் இருக்கும் வெறும் டம்ளர் தெரியவில்லை. பீடி பிடிக்காதவளுக்கு வீசிங் எப்படி வரும் என்கிறாள். முப்பது வருடம் உடைந்த மீன்பெட்டிப் பலகையை எரித்து, ஜன்னல் இல்லாத அறையில் சமைத்தவள் அவள். பெண்கள் யாரும் என் முதல் பட்டியலில் இல்லை. அதுவும் என் தப்புதான்.

நேற்று எதுவும் விவாதிக்காமல், நுரையீரல் ஊதல் பரிசோதனைக்கு அவள் பெயரில் சீட்டு வாங்கி, அவளுடைய சுருக்குப்பையில் நானே வைத்துக் கட்டினேன். வியாழக்கிழமை காலை, மூன்றாவது டோக்கன். கடையை அன்றைக்கு அப்பா பார்த்துக்கொள்கிறார். எனக்கு லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.